எடை அடிபட்டுப் போவதில்லை

ஜெர்மனியில் சில கார்களின் எண் பலகையை உற்றுப் பார்த்தால், வலது ஓரத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு சின்ன எண்கள் தெரியும். மேலே 04, நடுவில் ஒரு கோடு, கீழே 10. ஏப்ரல் பிறந்தால் சாலைக்கு வரலாம், அக்டோபர் முடிந்தால் கொட்டகைக்குப் போய்விட வேண்டும் என்பது அதன் பொருள். மீதி ஐந்து மாதங்களில் அந்தக் காரைப் பொதுச் சாலையில் ஓட்டவும் கூடாது, ஓரமாக நிறுத்திவைக்கவும் கூடாது. அந்த மாதங்களுக்கு வாகன வரியும் கிடையாது. 1997-இல் நடைமுறைக்கு வந்த இந்தப் பருவகாலப் பலகையை மாட்டிக்கொள்பவற்றில், இரண்டு பேர் மட்டும் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார்களும் உண்டு. தினமும் வேலைக்குப் போய்வருவதற்காக யாரும் இவற்றை வாங்குவதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மலைச் சாலையில் ஓட்டுவதற்கும், ஆண்டில் சில நாட்கள் கட்டணம் செலுத்திப் பந்தயத் தடத்தில் சொந்தக் காரை ஓட்டிப் பார்ப்பதற்கும் வாங்குகிறார்கள். ஐஃபெல் மலைப் பகுதியில் 1927-இல் திறக்கப்பட்ட நூர்பர்க்ரிங்கின் வடக்குச் சுற்று இவர்களுக்கெல்லாம் யாத்திரைத் தலம் போன்றது. 20.8 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தத் தடத்தில் பொதுமக்கள் ஓட்டும் பருவமும் குளிர் வந்ததும் முடிந்துவிடும். குளிர்காலம் முழுவதும் ஓடாத வண்டியைக் கட்டிக்காக்க விரும்பாதவர்கள் இறங்கிவந்து விற்பது அக்டோபரில்தான். வாங்க நினைப்பவருக்கும் அதுவே நல்ல நேரம்.

கேள்வி ஒன்றுதான்: எதை வாங்குவது? ஒரே விலையில் இரண்டு பழைய கார்கள் நிற்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்று 300 குதிரைத்திறன், 1,600 கிலோ. இன்னொன்று 130 குதிரைத்திறன், 1,000 கிலோ. பெரும்பாலோரின் கண் முதலில் போவது குதிரைத்திறன் மேல். வார இறுதி மகிழ்ச்சிக்கும் தட ஓட்டத்துக்கும் கார் தேடுபவர் முதலில் எடையையும், அடுத்து டயரையும், அதன்பின் பிரேக்கையும் பார்த்துவிட்டுக் கடைசியாகத்தான் குதிரைத்திறனைப் பார்க்க வேண்டும் என்பது என் வாதம். ஆனால் பள்ளி இயற்பியல் புத்தகம் இதற்கு எதிர்க்கட்சி. வளைவில் காரை உள்நோக்கி இழுத்துப் பிடிக்கத் தேவைப்படும் விசை, காரின் நிறை கூடக் கூட அதே விகிதத்தில் கூடும். அந்த விசையைத் தரும் உராய்வும், எடை கூடக் கூட அதே விகிதத்தில் கூடும். இரண்டு பக்கமும் நிறை இருப்பதால் அடித்துவிடலாம். ஆக லாரியானாலும் ஸ்கூட்டரானாலும் ஒரே வளைவில் போகக்கூடிய உச்ச வேகம் ஒன்றுதான், பிரேக் போட்டு நிற்கும் தூரமும் ஒன்றுதான் என்று வந்து நிற்கிறது கணக்கு. கணக்கில் பிழை இல்லை. அப்படியானால் எடை குறைந்த கார் ஏன் மேலானது?

பிழை கணக்கில் இல்லை, பொருளில் இருக்கிறது. உராய்வு எடைக்கு நேர்விகிதத்தில் கூடும் என்ற விதி மரத்துக்கும் இரும்புக்கும் ஏறக்குறையப் பொருந்தும், ரப்பருக்குப் பொருந்தாது. புதிதாகக் கொத்திய அம்மிக்கல்லின் மேல் ஒரு சப்பாத்தி மாவு உருண்டையை வைத்து அழுத்திப் பாருங்கள். முதல் அழுத்தத்திலேயே மாவு கல்லின் பள்ளங்களுக்குள் புகுந்து நிறைய இடத்தில் ஒட்டிக்கொள்ளும். இரண்டு மடங்கு பலம் கொடுத்து அழுத்தினால் ஒட்டும் பரப்பு கூடும், ஆனால் இரண்டு மடங்காகாது. எளிதில் எட்டக்கூடிய பள்ளங்களெல்லாம் ஏற்கெனவே நிரம்பிவிட்டன. டயர் ரப்பரும் தார்ச்சாலையின் மேடுபள்ளங்களும் இப்படித்தான் நடந்துகொள்கின்றன. டயரின் மேல் சுமை இரட்டித்தால் பிடிப்பு இரட்டிப்பதில்லை, சற்றுக் குறைவாகவே கூடுகிறது. இதைச் சுமைச் சுணக்கம் என்று சொல்லலாம். நிறையை மேலும் கீழும் அடித்த இடத்தில் ஒரு சிறு மிச்சம் நின்றுவிடுகிறது. பாரமான காருக்கு அந்த மிச்சம் கடன், லேசான காருக்கு அது வரவு.

இது வெறும் ஊகமில்லை என்பதை டயர்ச் சோதனை இயந்திரங்களில் அளந்து பார்த்திருக்கிறார்கள். அதைவிட எளிய சாட்சி கார்களின் அடியிலேயே தொங்குகிறது. இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் இணைக்கும் வளைந்த இரும்புத் தண்டு ஒன்று உண்டு. வளைவில் கார் ஒருபக்கமாகச் சாயும்போது அது முறுகிக்கொண்டு சாய்வைத் தடுக்கும். முன்பக்கத் தண்டை மட்டும் தடிமனானதாக மாற்றினால் என்ன ஆகும்? காரின் மொத்த எடை மாறவில்லை, முன் சக்கரங்கள் இரண்டும் சேர்ந்து தாங்கும் சுமையும் மாறவில்லை. வளைவில் முன்னால் உள்ள வெளிச்சக்கரத்துக்கு இன்னும் கொஞ்சம் சுமை போகிறது, உள்சக்கரம் அதே அளவு இலகுவாகிறது, அவ்வளவுதான். பள்ளி விதி சரியென்றால் ஒன்றின் இழப்பை மற்றொன்றின் லாபம் ஈடுகட்டிவிட வேண்டும். ஆனால் தடத்துக்குக் கார் தயார்செய்யும் எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் சொல்வார்: முன்பக்கம் பிடிப்பை இழந்து, கார் வளைவுக்கு வெளியே போகப் பார்க்கும். வெளிச்சக்கரம் பெற்ற லாபம் உள்சக்கரத்தின் இழப்புக்கு ஈடாகவில்லை. பந்தயக் கார்களின் சமநிலையைச் சரிசெய்யும் கலையில் பெரும்பகுதி இந்தச் சுணக்கத்தை நம்பியே நடக்கிறது.

பிடிப்பில் மிஞ்சும் வித்தியாசம் சிறியது. வெப்பக் கணக்கிலோ எடை துளியும் அடிபடுவதில்லை. மணிக்கு 180 கிலோமீட்டரில் வரும் 1,000 கிலோ கார், வளைவுக்கு முன் 72 கிலோமீட்டருக்கு வேகத்தைக் குறைக்கிறது. நல்ல டயர் இருந்தால் இதற்கு மூன்று விநாடிக்குச் சற்று மேல் போதும். அந்த மூன்று விநாடியில் அது கழற்றிவிட வேண்டிய இயக்க ஆற்றல் சுமார் பத்தரை லட்சம் ஜூல். அறை வெப்பத்தில் இருக்கும் மூன்று லிட்டருக்கும் அதிகமான தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும். 2,000 வாட் மின்அடுப்பு அதே வேலையைச் செய்ய ஒன்பது நிமிடம் ஆகும். காற்றுத் தடையும் டயரும் ஒரு பங்கை எடுத்துக்கொண்டாலும், பெரும்பகுதி நான்கு இரும்புத் தட்டுகளுக்குள் போகிறது. அடுத்த வளைவில் மறுபடியும், அதற்கடுத்த வளைவில் மறுபடியும். 1,600 கிலோ காருக்கு ஒவ்வொரு முறையும் இது கிட்டத்தட்ட பதினேழு லட்சம் ஜூல். தட்டின் சூடு பிரேக் திரவத்துக்கு ஏறும்போதுதான் ஆபத்து. டாட் 4 வகைத் திரவம் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸ் வரையாவது கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரவிதி. ஆனால் அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் ஏறிய திரவத்துக்கு விதி கேட்கும் குறைந்தபட்சம் 155 டிகிரிதான். கொதித்த திரவத்தில் ஆவிக் குமிழிகள் உண்டாகும். குமிழியை அழுத்தலாம், அது சுருங்கும், அழுத்தம் பிரேக்கைப் போய்ச் சேராது. மிதி பஞ்சுபோல் அமுங்கித் தரையைத் தொடும், வேகம் குறையாது. ஓட்டத்தின் நடுவே வரும் இந்தப் பிரேக் சோர்வு, பாரமான காரைத்தான் முதலில் தேடி வரும்.

இதற்கு உடனே மறுப்பு வரும்: டயரை அகலமாக்கு, பிரேக்கைப் பெரிதாக்கு, எடையின் குறை தீர்ந்துவிடுமே? ஓரளவு தீரும். இன்றைய சக்திமிக்க கார்கள் அப்படித்தான் ஓடுகின்றன. ஆனால் அகலமான டயரும் பெரிய தட்டும் தாமே எடைதான். அவற்றைத் தாங்கும் சட்டம் பலப்பட வேண்டும், அந்தச் சட்டத்தை இழுக்க எஞ்சின் பெரிதாக வேண்டும், எஞ்சினுக்குப் பெட்ரோல் தொட்டி பெரிதாக வேண்டும். வட்டிக்கு வட்டி ஏறுவதுபோல் எடை எடையைக் குட்டிபோடும். இதே வட்டி எதிர்த்திசையிலும் வேலைசெய்யும் என்பதைத் தன் வாழ்நாள் முழுக்கச் செய்துகாட்டியவர் லோட்டஸ் நிறுவனர் காலின் சாப்மன். அவர் 1982-இல் மறைந்தபின் அதே நிறுவனம் 1996-இல் வெளியிட்ட எலீஸ் கார் இதற்குக் கண்முன் சாட்சி. அலுமினியத் துண்டுகளைப் பசையால் ஒட்டிச் செய்த அதன் அடிச்சட்டம் 70 கிலோவுக்கும் குறைவு, முழுக் காரும் 750 கிலோவை எட்டாது. முன்சக்கரங்கள் லேசாக இருந்ததால் ஸ்டீயரிங்குக்குப் பம்ப் தேவைப்படவில்லை. முன் டயரின் அகலம் 185 மில்லிமீட்டர், சாதாரணக் குடும்பக் காரின் அளவு. 118 குதிரைத்திறன் போதுமானதாக இருந்தது. வாங்குபவரின் பணப்பையிலும் இந்த வட்டி தெரியும். சின்ன டயர், சின்ன பிரேக் கட்டை, குறைந்த பெட்ரோல் என்று ஒவ்வொரு தட நாளின் செலவும் இறங்கும்.

இன்னொரு மறுப்பு: சுற்று நேரப் பட்டியலின் உச்சியில் இருப்பவை ஆயிரம் குதிரைத்திறன் கார்கள்தானே? உண்மை. ஆனால் அந்தப் பட்டியலையே கவனமாகப் படிக்க வேண்டும். 2009-இல் ராடிகல் எஸ்ஆர்8 எல்எம் என்ற ஆங்கிலேயக் கார் நூர்பர்க்ரிங் வடக்குச் சுற்றை 6 நிமிடம் 48 விநாடியில் முடித்தது. எடை 700 கிலோவுக்கும் குறைவு, திறன் 500 குதிரைக்கும் குறைவு. 2013-இல் போர்ஷே 918 ஸ்பைடர், 887 குதிரைத்திறனோடு, 1,600 கிலோவுக்கு மேற்பட்ட எடையைச் சுமந்துகொண்டு, அதே சுற்றுக்கு 6 நிமிடம் 57 விநாடி எடுத்துக்கொண்டது. ராடிகல் பந்தயக் காருக்கு மிக நெருங்கிய உறவு, அதன் இறக்கைகள் காற்றைக் கொண்டு காரைத் தரையோடு அழுத்துகின்றன என்று யாராவது சுட்டிக்காட்டினால் அதுவும் நியாயமே. ஆனால் அந்த இறக்கை செய்வதென்ன? நிறையைக் கூட்டாமல் டயரின் மேல் சுமையைக் கூட்டுகிறது. உராய்வு எடையிலிருந்து மட்டுமே வரவேண்டியதில்லை என்றானபின், நிறை வெறும் பாரமாக மட்டுமே மிஞ்சுகிறது. அந்த ஒப்பீடும் இதே வாதத்துக்குத்தான் வலுச் சேர்க்கிறது.

ஆனால் வாரக்கடைசி ஓட்டுநருக்கு விநாடிக் கணக்கு எதற்கு? வடக்குச் சுற்றில் பொதுமக்கள் ஓட்டும் நாட்களில் நேரம் அளப்பதற்கே அனுமதியில்லை. அவர் தேடுவது மகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சிக்கும் இயற்பியல் உண்டு. கார் வளையும்போது டயர் தான் பார்க்கும் திசையிலேயே போவதில்லை. ரப்பர் சற்று முறுக்கிக்கொண்டு, பார்க்கும் திசைக்கும் போகும் திசைக்கும் இடையே சில டிகிரி வித்தியாசத்தோடு உருளும். இதை நழுவுகோணம் எனலாம். கோணம் கூடக் கூடப் பக்கவாட்டுப் பிடிப்பு கூடும், ஓர் உச்சத்தை எட்டும், பிறகு சரியும். டயரை மீண்டும் நேராக்கப் பார்க்கும் ஒரு முறுக்கும் கூடவே பிறக்கிறது. ஓட்டுநரின் உள்ளங்கையில் ஸ்டீயரிங்கின் கனமாக உணரப்படுவது பெரும்பாலும் அதுதான். இங்கே இயற்கை ஒரு சலுகை தந்திருக்கிறது: இந்த முறுக்கு, பிடிப்பு உச்சத்தை எட்டுவதற்கு முன்பே குறையத் தொடங்கிவிடுகிறது. வளைவில் இறுக்கமாக இருந்த ஸ்டீயரிங் மெல்ல இலகுவானால், எல்லை நெருங்குகிறது என்று டயர் முன்கூட்டியே சொல்கிறது. அந்தச் சொல்லைக் கேட்டு, ஒரு விரற்கடை திருப்பத்தால் பதில் சொல்லி, எல்லையின் ஓரத்திலேயே காரை வைத்திருப்பதுதான் தட ஓட்டத்தின் இன்பம். லேசான கார் இந்த எல்லையை மிதமான வேகத்திலும், குறுகிய டயரிலும், பம்ப் இடைமறிக்காத கையிலும் காட்டிவிடும். 300 குதிரைத்திறன் காரில் அதே எல்லை அச்சம் தரும் வேகத்தில்தான் வரும். 2012-இல் டொயோட்டா தன் ஜிடி86 காருக்கு, சிக்கனத்துக்குப் பெயர்போன பிரியஸ் காருக்குப் போடும் அதே வகை டயரைத் தெரிந்தே மாட்டி அனுப்பியது. பிடிப்பைக் குறைத்து, எல்லையை ஓட்டுநரின் கைக்கெட்டும் தூரத்தில் வைப்பதே நோக்கம். அதிகப் பிடிப்புதான் அதிக மகிழ்ச்சி என்றால் இந்த முடிவுக்கு அர்த்தமே இருக்காது.

இனி குளிருக்கு வருவோம், ஏனென்றால் டயரின் பேச்சை மாற்றுவது குளிர்தான். வெல்லப்பாகைச் சூடாக இருக்கும்போது இழுத்தால் கம்பியாக நீளும். ஆறியபின் இழுத்தால் சட்டென்று முறியும். இடைப்பட்ட பதத்தில் ஒரு வேடிக்கை உண்டு: மெல்ல இழுத்தால் நீளும், வெடுக்கென்று இழுத்தால் முறியும். பாகுக்குக் குளிரும் வேகமும் ஒரே முகம். ரப்பரும் அப்படித்தான். ஒரு வெப்பநிலைக்குக் கீழே அது கண்ணாடிபோல் விறைத்துவிடும். இதைக் கண்ணாடி நிலைமாற்றம் என்பார்கள். 1963-இல் இங்கிலாந்தில் கே. ஏ. குரோஷ் ரப்பர்த் துண்டுகளைக் கண்ணாடியின் மேலும் உப்புத்தாள் போன்ற சொரசொரப்பின் மேலும், உராய்வுச் சூடு குறுக்கிடாதபடி மிக மெல்ல, பல வெப்பநிலைகளில் இழுத்து அளந்தார். வெவ்வேறு வெப்பத்தில் கிடைத்த வளைகோடுகளை நகர்த்தி அடுக்கியபோது அவை ஒரே கோட்டில் பொருந்தின. குளிரில் மெல்ல இழுப்பதும் சூட்டில் வேகமாக இழுப்பதும் ரப்பருக்கு ஒன்றே என்பது அதிலிருந்து புலப்பட்டது. சொரசொரப்பின் மேல் மெல்லிய தூள் தூவியபோது கோட்டிலிருந்த ஒரு மேடு மறைந்தது, இன்னொன்று நின்றது. ஆக, ரப்பரின் பிடிப்புக்கு இரண்டு வேர்கள்: பரப்போடு ஒட்டிக்கொள்வது ஒன்று, மேட்டில் அமுங்கிய ரப்பர் உடனே மீளாமல் தயங்கி ஆற்றலை விழுங்குவது மற்றொன்று. இரண்டும் ரப்பரின் நெகிழ்வை நம்பியவை. 1986-இல் சாலஞ்சர் விண்கல விபத்து விசாரணையில், ரப்பர் வளையத் துண்டு ஒன்றைப் பிடிப்பானில் இறுக்கி, பனிநீரில் நனைத்து, அது மீளத் தாமதிப்பதை ரிச்சர்ட் ஃபைன்மன் எல்லோர் முன்னிலையிலும் காட்டியது இதே பாடத்தைத்தான். கோடைக்கான டயரின் கலவை, சூடான தார்ச்சாலையில் சரியான அளவு தயங்கும்படி செய்யப்பட்டது. 7 டிகிரிக்குக் கீழே குளிர்கால டயருக்கு மாறிவிடுங்கள் என்று டயர்த் தொழிலில் சொல்லும் கைக்கணக்கின் பின்னணி இதுதான். தட ஓட்டத்துக்கென்றே வரும் வழுவழுப்பான டயர்களை உறைநிலைக் குளிரில் ஓட்டினால் விரிசல் விடக்கூடும் என்று தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள்.

இங்கே என் வாதத்துக்கு எதிராக நானே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். லேசான கார் டயருக்குள் குறைந்த வெப்பத்தையே செலுத்தும் என்பதால், குளிர்ந்த காலையில் அதன் டயர் சூடேற அதிக நேரம் ஆகும். அக்டோபரில் தடத்துக்குப் போகிறவர் முதல் சில கிலோமீட்டர்களைப் பொறுமையாகத்தான் ஓட்ட வேண்டும். பாதுகாப்பு பற்றிய மறுப்பு இன்னும் கனமானது. சாலையில் லேசான காரும் பாரமான காரும் மோதினால், வேகம் அதிகமாக மாறுவது லேசான காரில், அடியும் அதில் இருப்பவர்களுக்கே அதிகம். இதை எந்தத் தத்துவத்தாலும் மழுப்ப முடியாது. எல்லோரும் ஒரே திசையில் ஓடும் தடத்தில் நேருக்கு நேர் மோதல் அரிது, தடுப்புச் சுவரில் மோதினால் லேசான கார் குறைந்த ஆற்றலையே சுமந்து வருகிறது என்பது உண்மைதான். ஆனால் தடத்துக்குப் போகும் வழியும் சாலைதான். ஆகவே 700 கிலோவின் தூய்மையை நாடி, காற்றுப்பையும் சறுக்கல் தடுப்பும் இல்லாத பழைய காருக்குப் போவதைவிட, அவை இரண்டும் உள்ள 1,000 முதல் 1,300 கிலோ வரையான கார்களே பெரும்பாலோருக்கு நியாயமான தேர்வு. 1989 முதல் வரும் மாஸ்டா எம்எக்ஸ்-5 வரிசையில் 2015-க்குப் பிந்தையவை, டொயோட்டாவின் ஜிடி86, அதன் வாரிசான ஜிஆர்86 ஆகியவை இந்த வரம்புக்குள் அடங்கும். 2016-இல் பத்து லட்சமாவது எம்எக்ஸ்-5 உருவானது என்பதே, லேசான எடையின் இன்பம் சிலருடைய விசித்திர ருசி அல்ல என்பதற்குச் சான்று.

குளிருக்கு முன் வாங்குவதற்கு விலையைத் தவிர இன்னொரு காரணமும் உண்டு. பனி விழுந்ததும் சாலைகளில் உப்புத் தூவுவார்கள். உப்பு கலந்த ஈரம் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் இரும்பில் துருவின் மின்வேதிவினை விரைவாகிறது. அந்த உப்பு படுவதற்கு முன்பே காரைக் கொட்டகைக்குள் கொண்டுபோய்விடலாம். ஆனால் முந்தைய குளிர்காலங்கள் விட்டுச்சென்ற தடயத்தைத் தேட வேண்டும்: காரை மேலே தூக்கி, கதவுகளுக்குக் கீழே ஓடும் சட்டத்தையும் சக்கர வளைவுகளின் உட்புறத்தையும் விளக்கடித்துப் பார்க்க வேண்டும். டயரின் பக்கச்சுவரில் அது செய்யப்பட்ட வாரமும் ஆண்டும் நான்கு இலக்கமாக இருக்கும். வயதான ரப்பர் கோடையிலும் விறைப்பாகவே இருக்கும். நான்கு டிகிரிக் குளிரில் கோடை டயரோடு ஓட்டிப் பார்த்துவிட்டு, இந்தக் காருக்குப் பிடிப்பே இல்லை என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது, அது டயரின் விறைப்பு. வசந்தத்தில் முதல் தட நாளுக்கு முன் செலவழிக்கும் முதல் பணம் புதிய பிரேக் திரவத்துக்குப் போகட்டும், குதிரைத்திறனைக் கூட்டும் கருவிக்கு அல்ல.

கடைசியாக, விற்பவர் நீட்டும் பதிவுச் சான்றைக் கையில் வாங்குங்கள். ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் ஒரே குறியீடுகள் கொண்ட தாள் அது. பி.2 என்ற கட்டத்தில் எஞ்சினின் திறன் கிலோவாட்டில் இருக்கும். ஜி என்ற கட்டத்தில் ஓட்டத் தயாரான நிலையில் காரின் நிறை இருக்கும், ஓட்டுநருக்கென்று 75 கிலோவும் சேர்த்து. பி.2-இல் உள்ள எண் நேர்ச்சாலையில், வலது பாதம் முழுக்க அழுந்தியிருக்கும் சில விநாடிகளில் மட்டும் பேசும். ஜி-யில் உள்ள எண் முடுக்கத்திலும் பிரேக்கிலும் வளைவிலும் டயர்த் தேய்மானத்திலும், தட நாள் முடிந்து பணம் எண்ணும்போதும் பேசிக்கொண்டே இருக்கும். முதலில் ஜி-யைப் படியுங்கள்.